பழைய எம்எக்ஸ்-5 சஸ்பென்ஷன் வேலை: பில் கட்டுமுன் பின் கேம் போல்ட்டைப் பாருங்கள்

பிரிட்டனில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. 1989 முதல் 1997 வரை வந்த, ஹெட்லைட் மேலே எழும்பும் முதல் தலைமுறை வண்டியைச் சொல்கிறோம். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டரும் இதே வண்டிதான்.

1994 மாடல் 1.8 ஒன்றை முழு சஸ்பென்ஷன் வேலைக்கு ஒரு கராஜில் விட்டோம். 'ஹேண்ட்லிங் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பணம் திரும்பக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் முடிவு வராததால் பெயர் போடவில்லை. ஆனால் இந்த ஏமாற்று எங்கும் நடக்கக்கூடியது, கண்டுபிடிக்கும் வழியும் சுலபம்.

பில்லில் எழுதியிருந்தது: உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு) ஒரு செட், எல்லா ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) புது ரப்பர் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் உருளை), எட்டு கேம் போல்ட்டும் (ஆர்மைப் பிடித்து, சக்கரக் கோணத்தை மாற்றும் போல்ட்) புதியது, நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). மொத்தம் 2,180 பவுண்டு. வண்டியில் இருந்தது: காயில்ஓவர் செட், முன் கீழ் ஆர்ம்களில் புது புஷ், அங்கே நான்கு கேம் போல்ட். பின்பக்கம் முழுக்க முப்பது வருஷப் பழசு அப்படியே.

வீல் ஆர்ச்சுக்குள் எட்டிப் பார்த்தால் பளபளவென்று புது ஸ்பிரிங் தெரியும், அதோடு நாம் திருப்தியாகிவிடுவோம். பாகம் மாட்டுவது இந்த வண்டியில் சின்ன வேலை. கூலியில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் கேம் போல்ட்தான். அதைத்தான் விழுங்கியிருக்கிறார்கள்.

எம்எக்ஸ்-5இல் நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம். கீழ் ஆர்ம் ஒவ்வொன்றும் உள்பக்கம் இரண்டு கேம் போல்ட்டில் உட்காருகிறது. போல்ட் தலையோடு மையம் விலகிய வட்டத் தகடு ஒன்று இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். முன்னால் இந்த இரண்டும் கேம்பரையும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்; மைனஸ் என்றால் மேல்முனை உள்ளே) காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) தீர்மானிக்கின்றன, பின்னால் கேம்பரையும் டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே என்றால் டோ-அவுட்). முன் டோ மட்டும் தனியாக ஸ்டீயரிங் டை ராடில் இருக்கிறது.

குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் ஓடிய வண்டியில், புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக் குழாயோடு இந்தப் போல்ட் துருவில் ஒட்டிப்போயிருக்கும். நட்டு கழன்றுவிடும், போல்ட் திரும்பாது. நீளமான ஸ்பேனர் போட்டுத் தள்ளினால் ரப்பர் முறுகும், கையை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சூடு காட்டினால் ரப்பர் கருகும். ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால், புஷ்ஷுக்கும் சப்ஃப்ரேம் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம்) காதுக்கும் நடுவில் வாள் பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து, ஆர்மை வெளியே எடுத்து, பிரஸ்ஸில் பழைய புஷ்ஷைத் தள்ளிவிட்டு, புது புஷ், புது போல்ட், புதுத் தகடு போட வேண்டும். போடும்போது போல்ட் தண்டில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை திரும்பும். பின்பக்கம் நான்கு போல்ட்டும் ஒட்டியிருந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

தொட்டார்களா இல்லையா என்று பார்க்க டார்ச் ஒன்று போதும். வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி, பின் கீழ் ஆர்மின் உள்முனையைப் பாருங்கள். எங்கள் வண்டியில் போல்ட் தலையிலிருந்து தகடு, தகட்டிலிருந்து சப்ஃப்ரேம் வரை துரு ஒரே தோலாக, ஒரு கீறல்கூட இல்லாமல் படர்ந்திருந்தது. தகட்டில் செதுக்கியிருக்கும் அளவுக் கோடுகளுக்குள் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. நட்டின் முனைகளில் சாக்கெட் பட்ட தடம் இல்லை.

இதை அலைன்மென்ட் ஷீட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் வேடிக்கை. ஷீட்டில் பின் கேம்பர் வேலைக்கு முன் மைனஸ் 2.6 டிகிரி, வேலைக்குப் பின் மைனஸ் 1.8 என்று இரண்டு பக்கமும் பச்சைக் கட்டத்தில் அச்சாகியிருந்தது. வண்டியின் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கேம் போல்ட்டை அசைக்காமல் பின் கேம்பரை மாற்ற இந்த வண்டியில் வேறு வழியே கிடையாது. அப்படியானால் அந்த எண்கள் இந்த வண்டியுடையவை அல்ல. ஷீட்டில் மைலேஜ் கட்டம் காலி, பதிவு எண் கையால் எழுதியது. வேறொரு இடத்தில் அளந்தபோது இடது பின் சக்கரம் 0.2 டிகிரி டோ-அவுட், வலது பின் சக்கரம் டோ-இன். பின் சக்கரங்கள் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ள, ஸ்டீயரிங் கோணலாக நிற்க வேண்டும். அது தெரியாமலிருக்க முன் டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கியிருக்கிறார்கள். 2,265 மி.மீ வீல்பேஸ் உள்ள பின்சக்கர டிரைவ் வண்டியில் பின்னால் டோ-அவுட் என்றால், ஈரமான ரவுண்டபவுட்டில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் வால் சுற்றிக்கொண்டு போகும். பணம் போனதை விட இதுதான் கோபம்.

சாலைக்குக் கேட்க வேண்டிய அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். முன் கேம்பர் மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 டிகிரி. பின்னால் அதைவிட அரை டிகிரி கூடுதல். காஸ்டர் 5 டிகிரி அளவில், இடதும் வலதும் ஒன்றாக. முன் டோ பூஜ்யம். பின்னால் மொத்தம் 2 மி.மீ டோ-இன். அளக்கும்போது ஓட்டுநர் எடைக்குச் சமமான பாரம் சீட்டில் இருக்க வேண்டும். ஒரு டன் எடையுள்ள வண்டியில் 75 கிலோ என்பது சின்ன விஷயம் அல்ல.

முன்னால் போட்ட புது புஷ்ஷும் கெட்டதுதான். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய், போல்ட்டை இறுக்கியதும் சப்ஃப்ரேமோடு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். அதனால் சக்கரம் எந்த உயரத்தில் ஓடுமோ அந்த உயரத்தில் வைத்து இறுக்க வேண்டும். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கிய கணத்திலிருந்தே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். சில மாதத்தில் ஓரத்தில் கிழியும். இதைச் சோதிப்பது எளிது: நான்கு சக்கரமும் ராம்ப்பில் நிற்கும்போது, கேம் தகடு இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, அந்த நட்டைத் தளர்த்துங்கள். எங்கள் வண்டியில் 'டொக்' என்று சத்தம் கேட்டு, முன்பக்கம் கண்ணெதிரே 8 மி.மீ இறங்கியது.

சரியான முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஹப் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்பு வரை உள்ள தூரத்தை வண்டி தரையில் நிற்கும்போது அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக் வைத்து அதே தூரம் வரும்வரை உயர்த்தி, டார்க் ரெஞ்ச்சில் இறுக்கினால் முடிந்தது. பாலியூரித்தேன் புஷ் என்றால் உள்குழாய் தனியே சுழலும், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கான கிரீஸ் போடாவிட்டால் கீச்கீச்சென்று உயிரை வாங்கும்.

அடுத்தது உயரம். ஹப் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்பு வரை 330 மி.மீ கேட்டிருந்தோம், வண்டி வந்தது 305இல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஷாக்குக்கு மேல்நோக்கிய பயணம் இயல்பிலேயே குறைவு. அவ்வளவு இறக்கினால் வண்டி சும்மா நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் மெத்தை) உட்கார்ந்திருக்கும், ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. வளைவில் ஒரு பள்ளம் வந்தால் டயர் தரையை விட்டுத் தாவும். ஷாக் ராடில் கேபிள் டை ஒன்றைச் சுற்றி, ஷாக் உடலை ஒட்டித் தள்ளிவிட்டு வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். கேபிள் டை பம்ப் ஸ்டாப் வரை போய் அதற்குள் புதைந்திருந்தால் பயணம் போதவில்லை. அங்கே ஸ்பிரிங்கைக் கடினமாக்கச் சொல்லித் தலையில் கட்டுவார்கள், கேட்காதீர்கள். முன்னால் 6, பின்னால் 4 கிலோ/மி.மீ சாலை வண்டிக்குத் தாராளம். உயரத்தை 325க்கு மேல் ஏற்றுங்கள். பயணம் இன்னும் வேண்டுமென்றால் 1998 முதல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியின் மேல் மவுண்ட்டைப் போடலாம்.

அந்தக் கேபிள் டையை மாட்டும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. பின் இடது ஷாக்கின் குரோம் ராடில், பம்ப் ஸ்டாப்பை மேலே தள்ளிப் பார்த்தால், பிளையரின் பல் பதிந்த தடம். மேல் நட்டை முடுக்கும்போது ராட் கூடவே சுழன்றிருக்கும், பிளையரால் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ராடின் நுனியில் ஆலன் கீயோ ஸ்பேனரோ போட்டுப் பிடிக்கத்தான் வடிவம் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடம், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் சீலுக்குள் போய்வரும்போதெல்லாம் சீலைக் கிழிக்கும். வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்து நின்றதால் தடம் வெகு சீக்கிரமே சீலை எட்டியது, ஷாக் இப்போது எண்ணெய் கசிகிறது. காயில்ஓவர் பெட்டியில் உள்ள உத்தரவாதம் இதற்குச் செல்லாது.

போதாததற்கு, ஜாக்கை வண்டியின் சில்லில் (கதவுக்குக் கீழே நீளும் அடிப்பகுதி) வைத்துத் தூக்கி விளிம்பை நசுக்கியிருக்கிறார்கள். இந்த வண்டியில் துரு முதலில் பிடிப்பது பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள சில்தான். தூக்க வேண்டிய இடம் முன்னால் கிராஸ்மெம்பரின் நடு, பின்னால் டிஃபரன்ஷியல் பெட்டி.

பணத்தைத் திரும்பப் பெற நினைப்பவர்கள், முதலில் எதையும் சரிசெய்யாதீர்கள். ஒட்டிய போல்ட், கசியும் ஷாக் எல்லாவற்றையும் பதிவு எண்ணும் மைலேஜும் வரும்படி படமெடுத்து, வேறு கராஜிலிருந்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் 2015இன்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இலவசமாக மறுபடி செய்யக் கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு கேட்கலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான விலைக்கு, 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு மன்றம் இருக்கிறது. பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வண்டியை விடும்போதே எழுதி வாங்கியிருந்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்திருக்கும்: அறுபட்ட போல்ட் எட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. உயரமும் ஸ்பிரிங்கும் மாறியதை இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

அடுத்த கராஜைத் தேடும்போது போனிலேயே கேட்டுவிடுங்கள்: "பின் கேம் போல்ட் ஒட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?" 'ஸ்ப்ரே அடிச்சு, சூடு காட்டிப் பாப்போம்' என்பவரிடம் போகாதீர்கள். அறுத்து எடுக்க எத்தனை மணி நேரம், போல்ட்டும் புஷ்ஷும் தனியாக எவ்வளவு என்று விலை சொல்பவரிடம் வண்டியை விடலாம்.