சிடி படத்த ஏஐ-கிட்ட குடுக்கறதா, நேரா கேத் லேபுக்கே போறதா?

படி ஏறுனா நெஞ்சு இறுக்குதேன்னு போனேன், சிடி ஆஞ்சியோல (மருந்து ஏத்தி இதய ரத்தக் குழாய சிடி ஸ்கேன்ல படம் எடுக்கறது) எல்ஏடில, அதாவது இதயத்தோட முன்பக்கம் போற முக்கியமான ரத்தக் குழாய்ல, 50-லேருந்து 60 சதவீதம் அடைப்புன்னு வந்துச்சு. தொல்லையே இந்த ரெண்டுங்கெட்டான் நம்பர்தான், 30ன்னா மாத்திரை குடுத்து அனுப்பிருவாங்க, 90ன்னா பேச்சே இல்ல. இங்க இங்கிலாந்துல எனக்கு ரெண்டு வழி சொன்னாங்க: கேத் லேப்ல மணிக்கட்டு வழியா கதீட்டர்ங்கற மெல்லிசான குழாய இதயம் வரைக்கும் விட்டு, பிரஷர் அளக்கற வயர் வச்சு பாக்கறது, இல்லன்னா அதே சிடி படத்த ஹார்ட்ஃப்ளோங்கற கம்பெனிக்கு அனுப்பி, அடைப்பு ரத்த ஓட்டத்த எவ்ளோ தடுக்குதுன்னு சொல்ற எஃப்எஃப்ஆர் நம்பர கணக்கு போட்டு வாங்கறது. நான் ரெண்டாவதுக்குத்தான் ஓகே சொன்னேன். அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2014லயே அனுமதி குடுத்தது, இங்க எந்த சிகிச்சை சரின்னு வழிகாட்டற நைஸ் அமைப்பு 2017ல பரிந்துரை பண்ணது, அதனால என்எச்எஸ்லயே (இங்கிலாந்து அரசு மருத்துவ சேவை) நடந்துச்சு.

ரெண்டும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், அடைப்பத் தாண்டி ரத்தத்தோட பிரஷர் எவ்ளோ மிஞ்சுது? 1ன்னா முழுசா போகுது, 0.80 இல்ல அதுக்கும் கீழன்னா கவனிக்கணும். வயர் அத நேரா அளக்குது. இன்னொண்ணுல ஏஐ சிடி படத்துல ரத்தக் குழாயோட ஓரத்த வரையும், ஆளுங்க உக்காந்து சரிபாப்பாங்க, அப்புறம் ரத்தம் எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர் கணக்கு போடும், அவ்ளோதான், மந்திரமெல்லாம் இல்ல.

ஊசி, அட்மிஷன், ரிஸ்க் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரா கதீட்டர் ஆஞ்சியோவா, முதல்ல சிடியான்னு ஒப்பிட்டு 2022ல வந்த 'டிஸ்சார்ஜ்'ங்கற ஆய்வுல பரிசோதனையால வந்த பெரிய சிக்கல் கதீட்டர் பக்கம் 1.9 சதவீதம், சிடி பக்கம் 0.5.

ஆனா முடிவு பண்றது அது இல்லைங்க, படம் எப்படி வந்திருக்குங்கறதுதான். துடிப்பு 60 பக்கம் இறங்கணும்னு மெட்டோப்ரோலால் குடுத்து, நாக்குக்கு அடியில நைட்ரேட் ஸ்ப்ரே அடிச்சு (அடிச்ச கொஞ்ச நேரத்துல மண்டை விண்ணுன்னு தெறிக்கும்), மூச்ச புடிங்கன்னு சொல்லி எடுக்கறதெல்லாம் அதுக்காகத்தான். அதுல மூச்ச விட்டாலோ துடிப்பு தாறுமாறா இருந்தாலோ குழாய் ரெண்டு ரெண்டா தெரியும், அப்படி கலங்குன படத்த வச்சு ஏஐ ஒண்ணும் பண்ண முடியாது, திருப்பி அனுப்பிருவாங்க. கால்சியம் நிறைய படிஞ்சிருந்தா இன்னும் மோசம், அது படத்துல பூத்து பெருசா தெரியும், இருக்கறதவிட அடைப்பு அதிகம்னு காட்டும். அதனால கால்சியம் ஸ்கோர் எகிறிக்கெடக்குதா, ஏற்கனவே ஸ்டென்ட்டோ பைபாஸோ ஆயிருக்கா, இந்த வழிய பத்தி ரொம்ப ஆசப்படாதீங்க. ஹார்ட் அட்டாக்னா கேத் லேப்தான், அங்கயே ஸ்டென்ட்டும் வச்சிரலாம், அந்த வசதி இதுல கிடையாது.

ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ (மருந்து குடுத்து இதயத்துக்கு ரத்தம் சரியா போகுதான்னு பாக்கற ஸ்கேன்) நான் எடுத்ததில்ல, அதனால அத ஒப்பிட வரல.

ரிப்போர்ட் வந்தா ஒண்ணு மட்டும் பாருங்க. கலர் கலரா குழாய் மரம் மாதிரி படம் வரும், நுனிக்கு போகப்போக நம்பர் தானா இறங்கும், பெரிய அடைப்பே இல்லாதவங்களுக்கும் இறங்கும். எனக்கு நுனில 0.79, அடைப்பு தாண்டி ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்ல 0.86. டாக்டர் எடுத்துக்கிட்டது 0.86தான், இப்போ ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் ஓடுது.