ஏலியன் 3: 25 வருடம் கூடவே வைத்திருந்த அனுபவம்

விசிடி கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். 1999, ஏலியன் 3 படம், வாடகைக்கு எடுத்த இரண்டு தட்டு. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் முத்திரையோடு வரும் அந்தப் பழகிய எக்காள இசை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் சிக்கிக்கொண்டது. இழுத்தது, அபஸ்வரமானது, அப்படியே படத்துக்குள் இறங்கிவிட்டது. தட்டை வெளியே எடுத்து, பனியனில் துடைத்து, மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. இசையமைப்பாளர் எலியட் கோல்டன்தால் வேண்டுமென்றே செய்த வேலை அது என்று எனக்குத் தெரியவந்தபோது ஐந்தாறு வருடம் ஓடியிருந்தது.

அந்த இசையை மன்னித்திருப்பேன். அதற்கடுத்து வந்த ஐந்து நிமிடத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. முந்தைய படமான 1986இன் ஏலியன்ஸில், மனித உடலுக்குள் வளர்ந்து நெஞ்சைப் பிளந்து பிறக்கும் விண்வெளி ஜந்துக்களிடமிருந்து நாயகி ரிப்ளி உயிரைப் பணயம் வைத்து மீட்ட சிறுமி நியூட், கூடவே தப்பித்த வீரன் ஹிக்ஸ், இரண்டு பேரும் இதில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் இறந்துவிடுகிறார்கள். அதுவும் தூக்கத்திலேயே. ஒரு சண்டை கிடையாது, ஒரு கடைசி வார்த்தை கிடையாது. இரண்டாவது தட்டைப் போடாமலே கடையில் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாள் வாடகை வீண்.

ஆக, இந்தப் படத்தை வெறுப்பவர்களின் கட்சியில் நானும் ஆரம்பகால உறுப்பினர்தான். அந்தக் கட்சி சின்னது இல்லை. முந்தைய படத்தை எடுத்த ஜேம்ஸ் கேமரூனே இந்த மரணங்களை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். இதை இயக்கிய டேவிட் ஃபின்ச்சரும் தன் படம் என்று உரிமை கொண்டாடுவதில்லை. 1992 மே மாதம் படம் வெளிவந்தபோது அவருக்கு 29 வயது. விளம்பரமும் இசை வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு இது முதல் சினிமா. முழுத் திரைக்கதை கையில் இல்லாமலே படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். பெற்றவரே கைவிட்ட பிள்ளைக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை, பதினைந்துக்குக் குறையாது. மற்ற ஏலியன் படங்களை யாராவது போட்டால் உட்காருவேன். இதை மட்டும் நானே தேடிப் போடுகிறேன்.

நியூட் விஷயத்துக்கு முதலில் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கதைப்படி முந்தைய படம் முடிந்த கையோடு இது தொடங்குகிறது. ஆனால் நியூட்டாக நடித்த கேரி ஹென் இதற்குள் பதின்வயதுப் பெண்ணாகிவிட்டார். குழந்தையை வைத்துக்கொள்வதென்றால் வேறொரு குழந்தையைத்தான் நடிக்க வைத்திருக்க வேண்டும். சரி, இது தயாரிப்பாளர்கள் சொல்ல வேண்டிய சமாதானம், நான் சொல்ல வேண்டியது வேறு.

படத்தின் முதல் அரை மணி நேரம் முழுக்க இழவு வீடு. ரிப்ளி விழுந்த இடம் ஃபியோரினா 161 என்ற சிறைக் கிரகம். ஒரு பழைய ஈய உருக்கு ஆலை, அதில் 25 கைதிகள், பேன் தொல்லையால் எல்லோருக்கும் மொட்டை. ரிப்ளிக்கும் மொட்டை அடிக்கிறார்கள். உள்ளே ஜந்து இருக்குமோ என்ற பயத்தில், குழந்தையின் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று சிறை மருத்துவர் கிளெமென்ஸிடம் அவள் கேட்கிறாள். காரணம் காலரா என்று ஒரு பொய் சொல்கிறாள். அது பொய் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தே கத்தியை எடுக்கிறார். கேமரா உடல் பக்கம் அதிகம் போவதில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ரிப்ளியின் முகத்தில்தான் நிற்கிறது. ரிப்ளியாக வரும் சிகர்னி வீவர் இந்தத் தொடரில் நடித்ததிலேயே இந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அப்புறம் தகனம். சிறை அதிகாரி ஒரு புத்தகத்தைப் பார்த்து ஏதோ படித்து முடிக்கிறார். கைதிகளின் தலைவன் டில்லன் கூட்டத்திலிருந்து பேச ஆரம்பிக்கிறான். கொலையும் பாலியல் வன்முறையும் செய்து உள்ளே வந்தவன், அங்கே போய்ப் பக்திமானாகிவிட்டவன். செத்தவர்கள் இருவரையும் அவன் உயிரோடு பார்த்ததே இல்லை. அப்பாவிகள் ஏன் தண்டிக்கப்படுகிறார்கள் என்று கேட்கிறான். சார்லஸ் டட்டனின் அந்தக் குரலில் வசனம் ஏறிக்கொண்டே போக, இரண்டு உடல்களும் உலைக்குள் விழுகின்றன.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைக்கும் ஒரு அம்மா இருந்தார். செத்தவர் யாரென்று தெரியாத வீட்டிலும் அவர் அழுதால் அழுகை வராதவனுக்கும் வரும். அவர் அழுதது அவருடைய சாவுகளுக்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். டில்லன் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான். நியூட்டைக் கொன்றதும் படம் அவளை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருந்தால் எனக்கும் கோபம் தீர்ந்திருக்காது. இது உட்கார்ந்து துக்கம் காக்கிறது. குழந்தையைக் காப்பாற்றியவளின் கையில் கடைசியில் எதுவுமே மிஞ்சாமல், அவள் அடுத்து என்ன செய்வாள் என்று பார்க்கும் தைரியம் இந்தத் தொடரில் வேறு எந்தப் படத்துக்கும் வரவில்லை.

பதிப்புகள் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தை வைத்திருப்பதே அதற்காகத்தான். தியேட்டரில் வந்தது இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. 2003இல் ஒன்பது தட்டு டிவிடி பெட்டியில் ‘அசெம்பிளி கட்’ என்று இன்னொரு வடிவம் போட்டார்கள், அரை மணி நேரம் கூடுதல். ஃபின்ச்சர் அதில் கலந்துகொள்ளவில்லை. அவர் விட்டுப்போன ஆரம்பகாலத் தொகுப்பை வைத்துத் தயாரித்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். அன்றைக்குத்தான் கட்சி மாறினேன்.

காரணம் கோலிக். தியேட்டர் பிரதியில் அந்தப் பைத்தியக்காரக் கைதி பாதியில் காணாமல் போய்விடுவான், ஏன் வந்தான் என்றே தெரியாது. நீண்ட வடிவத்தில் கைதிகள் ஒரு சாவைக் கொடுத்து அந்த ஜந்துவை அணுக்கழிவு வைக்கும் அறைக்குள் அடைத்தே விடுகிறார்கள். கதை முடிந்தது என்று மூச்சு விடுகிறோம். அதைக் கடவுளாக நினைத்துவிட்ட கோலிக், காவலுக்கு நிற்பவனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறான். பால் மெகன் என்னமாய் நடித்திருக்கிறார்! இதையா வெட்டினார்கள் என்று அன்றிரவு நண்பனோடு சண்டையே போட்டேன், அவன்தான் வெட்டியது மாதிரி. அந்த டிவிடியில் ஒரே தொந்தரவு, மீட்டெடுத்த காட்சிகளில் ஒலி கரகரவென்று இருக்கும், சப்டைட்டில் இல்லாமல் ஆகாது. 2010இல் வந்த ப்ளூரேக்கு நடிகர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பேச வைத்துச் சரிசெய்தார்கள். இப்போது என்னிடம் இருப்பது அதுதான்.

ஆனால் நீண்டது எல்லாம் உசத்தி என்று சொல்ல மாட்டேன். தியேட்டர் பிரதியில் ஜந்து ஒரு நாயின் உடலிலிருந்து பிறக்கிறது. அசெம்பிளி கட்டில் ஒரு செத்த மாட்டிலிருந்து. எனக்கு நாய்தான். தன் நாயைத் தேடிக்கொண்டு திரியும் கைதிக்கு ஒரு முகம் இருக்கிறது, மாடு வெறும் இறைச்சி. முடிவில் மட்டும் நேர்மாறு. தியேட்டரில் ரிப்ளி உலைக்குள் விழும்போது அவளுக்குள் வளர்ந்துகொண்டிருந்த குட்டி ஜந்து நெஞ்சைப் பிளந்து வெளியே வரும், அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நீண்ட வடிவத்தில் எதுவும் வராது. கையை விரித்தபடி அமைதியாக விழுவாள், அவ்வளவுதான். அந்த அமைதியைப் பார்த்த பிறகு மற்றது சர்க்கஸ் மாதிரி தெரிகிறது.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. ஜந்து முழுதாக ஓடும் காட்சிகள் அன்றைக்கே சுமார். இன்றைக்குப் பெரிய டிவியில் பார்த்தால் கண்ணைக் குத்துகிறது. ஒரு விப்பெட் நாய்க்கு உடை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார்களாம், சிரிப்பாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். கம்பியால் ஆட்டும் பொம்மையைத் தனியே படம்பிடித்துக் காட்சியில் ஒட்டினார்கள். ஒட்டினது தெரிகிறது. இதற்குச் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் பரிந்துரை வேறு! கடைசியில் கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு ஜந்துவை ஈய அச்சுக்குள் இழுத்துவரும் ஓட்டத்தில், யார் எந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறார்கள் என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது. எல்லோரும் மொட்டை, எல்லோருக்கும் பழுப்புச் சட்டை, ஏறக்குறைய எல்லோருக்கும் இங்கிலாந்து உச்சரிப்பு. பெயரும் முகமும் சேர்ந்து பிடிபட எனக்கு நாலு தடவை ஆனது. முதன்முறை பார்ப்பவர்கள் டில்லன், கிளெமென்ஸ், மோர்ஸ், பிறகு ஐக்யூவைச் சொல்லி எல்லோரும் கேலியாக ‘85’ என்று கூப்பிடும் ஆரோன், இந்த நாலு பேரை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

போன மாதம் அக்கா மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கல்லூரியில் படிக்கிறாள். முந்தைய இரண்டையும் அந்த வாரம்தான் பார்த்து முடித்திருந்தாள். ‘நியூட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?’ என்று கேட்டபோது வாயைத் திறக்காமல் இருந்தேன். தகனக் காட்சி வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டு, ‘இதையா நல்லா இருக்குன்னு சொன்னீங்க?’ என்று எழுந்து போய்விட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை, 1999இல் நான் போன தூரம்கூட அவ்வளவுதான்.

மறுநாள் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ‘மாமா, அந்த 85ஐ ஏன் சுட்டாங்க? அவன் பாவம்.’