ஏழு வருடம் ஒரு சின்ன கேமராவோடு: எந்த லென்ஸ் நின்றது, எது போனது

ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்10 மார்க் 2 வாங்கியதும் முதல் வேலையாக அதன் முன்னால் ஒரு பெரிய எஃப்2.8 ஜூம் லென்ஸை மாட்டினேன் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகி வெளிச்சம் கூடும்). கேமராவின் எடை, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 390 கிராம்தான். அந்த லென்ஸ் மட்டுமே கிட்டத்தட்ட அதே எடை இருந்தது. படங்கள் அருமையாக வந்தன, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் முன்பக்கம் கனத்துப்போய், கழுத்தில் மாட்டினால் லென்ஸ் கீழே சாய்ந்து நடக்கும்போதெல்லாம் வயிற்றில் இடிக்கும், ஒரு கையில் பிடித்து எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கிய கேமராவுக்கு எப்போதும் இரண்டு கை வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் வெளியே கிளம்பும்போது கேமராவை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த யோசனை வந்த பிறகுதான் லென்ஸ் வாங்கும் முறையையே மாற்றினேன்.

என் கேமரா மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை. அது 2008-ல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த அமைப்பு. சென்சார் 17.3 x 13 மில்லிமீட்டர், அதாவது ஃபுல் ஃப்ரேமின் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார்) குறுக்களவில் பாதி. அதனால் லென்ஸில் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் குவியத் தூரத்தை இரண்டால் பெருக்கினால் ஃபுல் ஃப்ரேமில் அது காட்டும் பார்வைக் கோணம் கிடைக்கும்: 25 என்றால் 50 மாதிரி, 45 என்றால் 90 மாதிரி. பின்னணி மங்குவதற்கும் இதே கணக்குதான், இங்கே எஃப்1.8 தருவது அங்கே எஃப்3.6 தரும் அளவு மங்கல். வெளிச்சக் கணக்கு மட்டும் மாறாது, எஃப்1.8-க்கு உரிய ஷட்டர் வேகம் அப்படியே கிடைக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். பின்னணி கரைந்துபோன முகப்படம்தான் உங்களுக்கு எல்லாமே என்றால் இந்த அமைப்பு உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, முறை என்ன? கணினியில் இருந்த பழைய படங்களைத் திறந்து, பிடித்தவை என்று வைத்திருந்தவற்றை மட்டும் குவியத் தூரப்படி பிரித்துப் பார்த்தேன். எந்த எடிட்டிங் மென்பொருளிலும் இதைச் செய்யலாம், பத்து நிமிட வேலை. அகலமான காட்சிகள்தான் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் பிடித்த படங்களில் பாதிக்கு மேல் 25-ஐ ஒட்டி இருந்தன. மீதியில் பெரும்பகுதி கேமராவோடு சேர்த்து விற்கும் 14-42 கிட் லென்ஸின் கடைசி முனையான 42-ல் முட்டிக்கொண்டு நின்றது, அதாவது இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கடைசிவரை திருப்பியிருக்கிறேன். 14-ல் எடுத்தவை ஏராளம், ஆனால் அவற்றில் வைத்துக்கொண்டவை கொஞ்சம்தான். லென்ஸ் வாங்கும் முன் எந்த விமர்சனத்தைப் படிப்பதையும்விட இந்தப் பத்து நிமிடத்தை நம்புங்கள் என்று இப்போது கேட்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அந்தக் கணக்கின்படி வாங்கியவை இரண்டு: ஒலிம்பஸ் 25 எஃப்1.8, 45 எஃப்1.8. இந்த 45 வெறும் 116 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பவரை எஃப்2-ல் எடுத்தால் இமை முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், காது மெல்ல மங்க ஆரம்பித்திருக்கும். ஒரு முகத்துக்கு எனக்கு அது போதும். கிட்டே போகும்போது மட்டும் அரை மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய ஜூமை விற்றுவிட்டேன். வருத்தம் இல்லை. ஒரே நிகழ்ச்சியை மழையிலும் தூசியிலும் நின்று முழுக்க எடுப்பவருக்கு அது சரியான லென்ஸ், எனக்கு அந்த வேலை இல்லை.

பேன்கேக் லென்ஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டையாக இருப்பதால் கேமராவை ஜாக்கெட் பையில் போடலாம், தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தட்டையாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. சில பழைய பேன்கேக்குகளில் ஃபோகஸ் செய்ய உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னும் பின்னும் நகர வேண்டும், அதனால் மெதுவாக இருக்கும், சத்தமும் கேட்கும். ஓடும் குழந்தையை இப்படி ஒரு லென்ஸால் ஒரு மாலை முழுவதும் துரத்தினேன். கிடைத்தவை பெரும்பாலும் முதுகும் மங்கிய தலைமுடியும். அதே லென்ஸ் அசையாத பொருளுக்கு இன்றும் என் விருப்பமான ஒன்று, ஆகவே விற்கவில்லை. வாங்கும் முன் நீங்கள் எடுப்பது நகருமா நகராதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேயே இன்னொன்று. கேமராவுக்குள் இருக்கும் ஐந்து அச்சு நிலைப்படுத்தி என் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், எதிரில் இருப்பவர் அசைவதை அல்ல. 25-ஐ வைத்து 1/8 நொடியில் கையில் பிடித்தே கட்டடத்தைக் கூர்மையாக எடுத்திருக்கிறேன், அதே வேகத்தில் பேசிக்கொண்டிருக்கும் மனிதரை எடுத்தால் கை இருந்த இடத்தில் புகைதான் இருக்கும். மங்கலான அறைக்கு எஃப்1.8 தேவைப்படுவது அதனால்தான். அப்புறம், இரண்டு கம்பெனி லென்ஸ்களும் இரண்டு கம்பெனி பாடிகளிலும் மாட்டும் என்பது உண்மை, ஆனால் லென்ஸின் நிலைப்படுத்தியும் பாடியின் நிலைப்படுத்தியும் சேர்ந்து வேலை செய்வது ஒரே கம்பெனியின் பொருத்தமான ஜோடியில்தான். கலந்து வாங்கினால் இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்துக்கு நான் வைத்திருப்பது ஒலிம்பஸ் 40-150 எஃப்4-5.6. 190 கிராம், பிளாஸ்டிக் மவுண்ட், கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும். நல்ல வெயிலில் மீன்கொத்தியின் கழுத்து இறகை எண்ணலாம், மாலை ஆறு மணிக்கு மேல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறி ஏறி இறகெல்லாம் மாவாகிவிடும். இதைவிட நீளமான 300 மில்லிமீட்டர் ஜூம் ஒன்றை நண்பரிடம் ஒரு மாதம் வாங்கி வைத்திருந்தேன். அப்போது புரிந்தது, மதிய வெயிலில் தூரத்துப் பறவை தெளிவில்லாமல் வருவதற்குப் பல நேரம் காரணம் லென்ஸ் அல்ல, நடுவில் அலையடிக்கும் சூடான காற்று. காலையில் போய் எடுத்தால் அதே லென்ஸ் வேறு லென்ஸாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மேக்ரோ, அதாவது சின்னப் பொருட்களை மிக நெருக்கத்தில் எடுப்பது. நான் முதலில் வாங்கியது மின்தொடர்பு உள்ள 10, 16 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் டியூப்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளிவைக்கும் வெறும் வளையம். 45 லென்ஸுக்குப் பின்னால் இரண்டையும் சேர்த்து மாட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் 26-ஐ 45-ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 0.58. ஒரு வருடம் இதை வைத்தே பூச்சி எடுத்தேன். இன்னொரு வழி ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி, ஃபில்டர் அளவு 52 முதல் 67 மில்லிமீட்டர் வரை உள்ள லென்ஸ்களின் முன்னால் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும். 40-150-ன் முன்னால் மாட்டினால் எறும்பின் கண் தெரிகிறது. ஆனால் பொருளிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம் தூரத்தில்தான் ஃபோகஸ் கிடைக்கும், கொஞ்சம் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் எதுவும் தெரியாது. கடைசியில் ஒலிம்பஸ் 60 எஃப்2.8 மேக்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். 1:1-ல், அதாவது பொருள் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்போது, முழுப் படச்சட்டமும் 17.3 மில்லிமீட்டர் அகலம்தான், ஒரு தேனீ கிட்டத்தட்ட சட்டத்தை நிறைத்துவிடும். அந்த நெருக்கத்தில் எஃப்8 வைத்தாலும் தெளிவாக வருவது அரை மில்லிமீட்டர் ஆழம்தான்: கண் தெளிந்தால் உணர்கொம்பு போய்விடும். இன்னும் ஆழம் வேண்டும் என்று எஃப்16, எஃப்22 என்று மூடிக்கொண்டே போகாதீர்கள். ஒளி விளிம்பு விலகலால் (சின்னத் துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவுவது) படம் முழுவதும் மழுங்கிவிடும், இந்தச் சென்சாரில் சாதாரணப் படங்களுக்கே எஃப்8 தாண்டினால் அது ஆரம்பித்துவிடுகிறது. நான் செய்வது: கண்ணில் ஃபோகஸை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்து, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தபடியே தொடர்ச்சியாக எட்டுப் பத்து படம் எடுப்பேன். அதில் ஒன்று நிச்சயம் விழும்.

பழைய லென்ஸ்களை அடாப்டர் வைத்து மாட்டுவது இந்த அமைப்பின் பெரிய சுகம். மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே 20 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை, திருகி மாட்டும் பழைய எம்42 வகை லென்ஸ்களுக்கு 45 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும், மிச்ச இடத்தை அடாப்டர் நிரப்புகிறது. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 எஃப்2, இதில் 116 மாதிரி ஆகிவிடும். ஃபோகஸ், அபர்ச்சர் எல்லாம் கையால்தான். மறக்கக் கூடாத ஒன்று: லென்ஸ் கேமராவோடு பேசாததால், நிலைப்படுத்தி சரியாக வேலை செய்ய, மெனுவில் போய் குவியத் தூரத்தை நாமே 58 என்று கொடுக்க வேண்டும், 116 அல்ல. நான் ஒரு தடவை முந்தைய லென்ஸின் 25-ஐ மாற்றாமல் விட்டு, ஒரு முழு நாள் படங்களும் லேசாக ஆடிப்போய் வந்தன. லென்ஸ்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

துணைப் பொருட்களுக்கு வருகிறேன். முதலில் ஃபில்டர். 25-க்கும் 60-க்கும் ஃபில்டர் அளவு 46, 45-க்கு 37. நான் எல்லா ஃபில்டரையும் 46-ல் வாங்கிவிட்டு, 45-க்கு 37-46 ஸ்டெப்-அப் வளையம் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவுவது) ஒன்றைப் போட்டுவிட்டேன். வளையம் போட்டால் லென்ஸுக்கென்று தனியாக விற்கும் ஹூட் (முன்னால் மாட்டும் நிழல் மறைப்பு) மாட்டாது, அதற்குப் பதில் 46-ல் திருகும் ஒரு சின்ன உலோக ஹூட் போதும். அலுமினிய வளையம் சில நேரம் திருகில் இறுகிக்கொண்டு வராது, பித்தளை வளையம் அவ்வளவாக இறுகாது. இறுகிவிட்டால் அழுத்தித் திருகாதீர்கள், அழுத்த அழுத்த வளையம் நெளிந்து இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றி மெதுவாகத் திருப்பினால் கழன்றுவிடும்.

யுவி ஃபில்டர் வேண்டாம் என்பது என் முடிவு. இரவில் விளக்குகளை எடுக்கும்போது பேய் மாதிரி இன்னொரு விளக்கு படத்தில் வந்து நிற்கும், இடிபடாமல் காப்பதற்கு ஹூட்டே போதும். என்டி8, அதாவது ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர், மட்டும் நிச்சயம் வாங்குங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்1.8 என்று வைத்தால் ஷட்டர் 1/16000 நொடியை ஒட்டிப் போகிறது, இந்தக் கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-ல் நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/16000 உண்டு, ஆனால் வேகமாக நகரும் பொருள் சாய்ந்து வரும். என்டி8 போட்டால் 1/2000, பிரச்சினை தீர்ந்தது.

பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த மாற்று பேட்டரி இரண்டு வாங்கியதில் ஒன்று ஒரு வருடத்தில் உப்பி, கேமராவுக்குள்ளிருந்து வெளியே வர மறுத்தது. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. இப்போது மாதம் ஒருமுறை எல்லா பேட்டரியையும் மேசைமேல் படுக்கவைத்து ஒரு விரலால் சுழற்றிப் பார்க்கிறேன். பம்பரம் மாதிரி சுழன்றால் வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஒதுக்கிவிடுவேன்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது பூஞ்சைக்குத்தான். பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி வந்து, பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஓடியிருந்தது. பகல் வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. பழையது வாங்கும்போது டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கூடவே, மின்சாரம் இல்லாதபோது குலுக்கினால் சில லென்ஸ்கள் உள்ளே கடகட என்று ஆடும், அது மோட்டார் ஃபோகஸ் தொகுதியைப் பிடித்துக்கொள்ளாததால் வருவது, பழுது அல்ல. வீட்டில் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி, இவ்வளவுதான். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் சரி. டப்பாவில் வைத்து மறப்பதைவிட வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்துப் பயன்படுத்துவது லென்ஸுக்கு நல்லது.

ஒலிம்பஸின் கேமரா பிரிவு 2021 ஜனவரியில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் ஆனபோது, இந்த அமைப்பை விட்டுவிடலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். நான் விடவில்லை. மவுண்ட் மாறவில்லை, 2009-ல் வந்த லென்ஸ் 2022-ல் வந்த ஓஎம்-1 கேமராவிலும் மாட்டுகிறது. பாடி என்றாவது ஒரு நாள் போய்விடும், லென்ஸ்கள் அடுத்த பாடிக்கு அப்படியே போகும்.

இப்போது இல்லாதது ஒன்றுதான், அகலக் கோணம். லாவா 7.5 எஃப்2-ம் ஒலிம்பஸ் 9-18-ம் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன, இரண்டும் 200 கிராமுக்கு உள்ளே. ஆனால் என் பழைய கணக்கில் 14-ல் எடுத்தவை பெரும்பாலும் நீக்கப்பட்டவை. அதனால் அடுத்த பயணத்துக்கு 9-18-ஐ வாடகைக்கு எடுத்து, திரும்பி வந்து எத்தனை படத்தை வைத்துக்கொள்கிறேன் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் வாங்குவேன்.