62,000 ரூபாய் செயற்கைக்கால், 19ஆம் நாளே விரிசல்

கோபத்தில்தான் எழுதுகிறேன். மதுரையில் செயற்கைக்கால் செய்து தரும் ஒரு தனியார் கடையில் அப்பாவுக்காக 62,000 ரூபாய் கட்டி ஏமாந்து நிற்கிறேன். அம்மாவின் செயினை அடகு வைத்த பணம். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை. போன வருஷம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, மாவு வைத்து அளவு கொடுத்தோம். பத்து நாளில் சாக்கெட் ரெடி, அதாவது மீதிக் காலை உள்ளே நுழைக்கும் கிண்ணம் மாதிரியான பாகம். "தாங்குமா தம்பி?" என்று அப்பா கேட்டதும், அந்த ஆள் சாக்கெட்டைத் தரையில் கவிழ்த்து அதன் மேலேயே ஏறி நின்றார். "நான் 85 கிலோ ஐயா. நீங்க ஒரு 60 இருப்பீங்களா?" அப்பா சிரித்துவிட்டார். நானும் அங்கேதான் விழுந்தேன். மீதிப் பணத்தை நின்ற இடத்திலேயே ஜீபேயில் அனுப்பினேன்.

ஏறி நிற்பதெல்லாம் ஒரு டெஸ்டா? திரும்பத் திரும்ப மிதிபடுவதில்தானே விரிசல் விடும். ஐஎஸ்ஓ 10328 என்ற சோதனையில் செயற்கைக்காலை மெஷினில் மாட்டி 30 லட்சம் தடவை அழுத்திப் பார்ப்பார்களாம். பணம் போன பிறகு படித்தது.

அதைவிடக் கொடுமை, ஃபிட்டிங் பார்த்த லட்சணம். மாட்டிவிட்டு நாலு எட்டு நடக்கச் சொல்லி, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றார் அப்பா. "அப்ப பக்கா!" சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கு எங்கே வலிக்கும்? கழற்றித் தோலைப் பார்க்கவே இல்லை. நாலாம் நாள் ராத்திரி நான் சாக்ஸை உருவினால், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பின் மேல் ரூபாய்க் காசு அளவுக்குக் கன்றிச் சிவந்திருந்தது. விடிந்தும் மறையவில்லை. அப்பாவோ, வலிதான் இல்லையே என்று மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் அது புண்ணானது.

போன் செய்தால், "பழகப் பழகச் சரியாயிரும் சார்." அடுத்த தடவை, "டெக்னீஷியன் கோயம்புத்தூர் போயிருக்கார்." அப்புறம் வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும். சரி, நேரிலேயே காட்டுவோம் என்று 19ஆம் நாள் கிளம்பினோம். பஸ் படியில் ஏறும்போது சாக்கெட்டின் பின்பக்கம் படீர் என்றது. கண்டக்டர் தாங்கிப் பிடித்தார், புண்ணியவான்.

கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஐயா எடை கூடியிருக்கார். வாரண்டி பாதத்துக்குத்தான், சாக்கெட்டுக்கு இல்ல. புதுசுக்கு 18,000 ஆகும்." 62,000 வாங்கிய வாய்! பில் என்று கையில் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் டிரையல் சாக்கெட்டை முதலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றி இருபது நிமிஷத்துக்குப் பிறகும் சிவப்பு இருந்தால் வாங்காதீர்கள். செய்பவருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காலுக்கு மனு கொடுக்கலாம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் அப்பாவுக்குக் கட்டு மாற்ற ஜி.ஹெச். போகணும். உடைந்த கால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.