மாலாக் டிரிம்: சில வருடம் பயன்படுத்தின பிறகு

சி-யில் எழுதின ஒரு லினக்ஸ் சர்வீஸைச் சில வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி பெரிய கோப்புகளைப் படித்து லட்சக்கணக்கில் குட்டி ஸ்ட்ரக்ட்களை உருவாக்கும், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்காக ஃப்ரீ செய்யும், ஆனால் காலையில் டாப் கமாண்டில் பார்த்தால் ரெசிடென்ட் மெமரி (சர்வீஸ் உண்மையில் பிடித்திருக்கும் ராம்) இறங்கியிருக்காது. மெமரி லீக் தேடும் கருவியான வால்கிரைண்டில் லீக் எதுவும் இல்லை.

ஜிலிப்சி, அதாவது லினக்ஸில் வழக்கமாக வரும் சி லைப்ரரி, அப்படித்தான். ஃப்ரீ செய்ததை அடுத்த மாலாக்குக்கு (மெமரி கேட்கும் அழைப்பு) ஆகுமென்று கையிருப்பில் வைத்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் ஹீப்பின் (மாலாக் துண்டு போட்டுக் கொடுக்கும் மெமரிப் பரப்பு) உச்சியில் 128 கேபிக்கு மேல் காலியானால்தான் அந்தப் பகுதியை கர்னலிடம் கொடுக்கும். உச்சியில் 32 பைட் துண்டு ஒன்று உயிரோடு உட்கார்ந்திருந்தால் போச்சு, அதன் கீழே நூறு எம்பி சும்மா கிடந்தாலும் அசையாது.

மாலாக் டிரிம் என்ற ஜிலிப்சி ஃபங்ஷன் இங்கேதான் கைகொடுக்கிறது. 2008-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, எல்லா அரினாவிலும் (த்ரெட்களுக்காக மாலாக் வைத்திருக்கும் தனித்தனி மெமரித் தொகுப்பு) நடுவில் காலியாகக் கிடக்கும் முழுப் பக்கங்களையும் (கர்னல் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் அலகு) இது கர்னலிடம் விட்டுவிடுகிறது. ராத்திரி வேலைத் தொகுதி (பேட்ச்) முடிந்த இடத்தில் ஒரே வரி, பூஜ்யத்தைக் கொடுத்து அழைக்கிறேன், மெமரி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அழைக்கிறவர்களைப் பார்த்தால்தான் புரியவில்லை: அரினா அரினாவாகப் பூட்டிக்கொண்டு துழாவும், அப்புறம் அதே பக்கங்கள் மறுபடி தேவைப்பட்டால் பேஜ் ஃபால்ட், கர்னல் பூஜ்யம் நிரப்பித் தரவேண்டும். யாருக்கு லாபம்?

த்ரெட் நிறைய இருந்தால் டிரிம்மைவிட அரினா எண்ணிக்கையைக் குறைப்பதே எனக்கு அதிகம் உதவியது. 64 பிட்டில் கோருக்கு 8 அரினா வரை, அதாவது 16 கோர் மெஷினில் 128. மாலாக் அரினா மேக்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 2 என்று வைத்தேன், டிரிம் இல்லாமலே மெமரி உச்சம் கணிசமாகக் குறைந்தது. பூட்டுக்குப் போட்டி கொஞ்சம் கூடும், என் சர்வீஸுக்கு அது பொருட்டில்லை.

இன்னொரு குசும்பு எம்மேப் எல்லை. 128 கேபிக்கு மேற்பட்ட துண்டு ஹீப்புக்கு வெளியே எம்மேப்பில் (கர்னலிடம் நேராக மெமரி கேட்கும் அழைப்பு) வரும், ஃப்ரீ செய்ததும் உடனே போய்விடும், சரி. ஆனால் அப்படி வந்த 20 எம்பி துண்டை ஒருமுறை ஃப்ரீ செய்தால் எல்லையே 20 எம்பிக்கு ஏறிவிடும் (64 பிட்டில் 32 எம்பி வரை), அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதன்பின் ஹீப்புக்குள். மாலாப்ட்டில் (மாலாக் அமைப்பை மாற்றும் ஃபங்ஷன்) நாமே எல்லையைக் குறித்துவிட்டால் இந்த ஏற்றம் நிற்கும்.

ஆல்பைன் கன்டெய்னருக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: அங்கே ஜிலிப்சிக்குப் பதில் வரும் மசல் லைப்ரரியில் மாலாக் டிரிம் கிடையாது, இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே அந்த வரியை விலக்கும் நிபந்தனை) போட்டுத்தான் ஆகவேண்டும். இந்த இழுபறி வேண்டாமென்று புது மாட்யூலில் பேட்ச் டேட்டாவுக்கு நேராக எம்மேப்பில் ஒரு பெரிய பூல் எடுக்கிறேன், முடிந்ததும் ஒரே எம்அன்மேப். அங்கே டிரிம்முக்கு வேலையே இல்லை.