கப்பலா, கையெழுத்தா, துறைமுகமா? போர்க்காலத்தில் மூன்று நடுநிலை நாடுகள்

இரண்டாம் உலகப் போரின்போது நடுநிலை நாடு ஒன்றுக்குக் கோதுமை வேண்டுமென்றால் கப்பல் பிடித்தால் மட்டும் போதாது. ஜெர்மனியைக் கடலில் முற்றுகையிட்டிருந்த பிரிட்டனிடம் 'நேவிசெர்ட்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சரக்கு கிளம்பும் நாட்டிலுள்ள பிரிட்டிஷ் அதிகாரியிடம் விண்ணப்பம், லண்டனுக்குத் தந்தி, வாங்கும் நாட்டின் பங்கீட்டுக் கணக்கில் இடமிருக்கிறதா என்ற சோதனை, அதன்பின் சீட்டு. அந்நாட்டின் அமைதிக்கால நுகர்வை வைத்துத்தான் பங்கீடு போட்டார்கள். மிச்சம் ஜெர்மனிக்குக் கைமாறிவிடுமோ என்ற பயம். 1940 ஜூலை இறுதியிலிருந்து இது கட்டாயம். ஏற்றியதில் ஒரு சரக்குக்குச் சீட்டு இல்லாவிட்டாலும் கப்பலுக்கான சீட்டு நின்றுவிடும். முரண்டு பிடிக்கும் கப்பல் முதலாளிக்கு 'ஷிப் வாரன்ட்' கிடையாது. அது இல்லாமல் பிரிட்டிஷ் துறைமுகங்களில் நிலக்கரி, பழுதுபார்ப்பு எதுவும் கிடைக்காது. கொழும்பிலும் ஏடனிலும் நிலக்கரி போடாமல் கிழக்கே எவ்வளவு தூரம் ஓட்டுவது?

இந்த வலைக்குள் மூன்று நாடுகள் மூன்று வழி தேடின.

ஸ்வீடனிடம் கப்பல் இருந்தது, வழிதான் இல்லை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயில் இறங்கியதும் நார்வேக்கும் டென்மார்க்குக்கும் நடுவிலுள்ள ஸ்காகராக் கடல்வழி அடைபட்டது. பல மாதப் பேச்சுக்குப் பிறகு லண்டன், பெர்லின் இரண்டுமே கையெழுத்திட்டன: ஸ்வீடனின் மேற்குத் துறைமுகமான கோத்தன்பர்க்கிலிருந்து மாதத்துக்கு நான்கைந்து கப்பல் போகலாம், அதே அளவு வரலாம். பெயரும் சரக்குப் பட்டியலும் இருதரப்புக்கும் முன்கூட்டியே போக வேண்டும். கப்பலின் பக்கவாட்டில் 'ஸ்வெரியே' (ஸ்வீடிஷ் மொழியில் ஸ்வீடன்) என்று ஆளுயரத்துக்கு மேல் எழுத்து, கொடி நிறத்தில் பட்டை, இரவில் அதன்மேல் விளக்கு. போன கப்பல் காகிதக் கூழைச் சுமந்தது. வந்தது எண்ணெயும் தோலும் காபியும்.

இரண்டு கையெழுத்து என்றால் கழுத்தைப் பிடிக்க இரண்டு கை. கோத்தன்பர்க்கில் நின்ற 'லயனல்', 'டிக்டோ' என்ற நார்வே கப்பல்கள் இரண்டும் பிரிட்டன் வாடகைக்கு எடுத்தவை. அவை துறைமுகத்தை விட்டு நகர ஸ்வீடன் அனுமதித்தது. கோபம் கொண்ட ஜெர்மனி 1943 ஜனவரியில் போக்குவரத்தையே நிறுத்தியது. மே மாதம்தான் மறுபடி திறந்தது. கோதுமைக்கும் அந்தக் கப்பல்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பேரம் நடப்பது எப்போதும் இப்படி வேறொன்றை வைத்துத்தான்.

சுவிட்சர்லாந்துக்குப் பங்கீட்டு அனுமதி இருந்தது, ஆனால் கடலே இல்லை. போர் தொடங்கியதும் 15 கிரேக்கக் கப்பல்களை வாடகைக்கு எடுத்து இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவில் இறக்கத் திட்டம் போட்டார்கள். 1940 அக்டோபரில் இத்தாலி கிரீஸைத் தாக்கியது. கிரேக்கக் கொடி அப்போது இத்தாலிக்கு எதிரிக் கொடி. ஜெனோவாவுக்குள் நுழைய முடியாது. லிஸ்பனில் இறக்கினால் ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல்) ரயில் பாதை சுமார் 1670 மி.மீ. அகலம், பிரான்சில் 1435. எல்லையில் மூட்டை மூட்டையாக வண்டி மாற்ற வேண்டும். கடைசியில் 1941 ஏப்ரல் 9 அன்று சொந்தக் கொடியைக் கடலில் ஏற்றினார்கள். தாய்த்துறைமுகம் ரைன் நதிக்கரை பாசல்! காகிதமும் இரண்டு திசையில் தேவைப்பட்டது: உள்ளே வர நேவிசெர்ட், தன் ஏற்றுமதி வெளியேற ஜெர்மானியர் தரும் 'கெலைட்ஷைன்' என்ற அனுமதிச் சீட்டு. அப்படியிருந்தும் 1943 செப்டம்பரில் 'மலோயா' கப்பலைக் கார்சிகா அருகே பிரிட்டிஷ் விமானங்களே மூழ்கடித்தன.

அயர்லாந்து லண்டனையே நம்பியிருந்தது. பிரிட்டன் கப்பல் இடத்தைக் குறைத்ததும் 1941-இல் தேயிலை ரேஷன் வாரத்துக்கு அரை அவுன்ஸ், சுமார் 14 கிராம். அதே ஆண்டு மார்ச் 21 அன்று 'ஐரிஷ் ஷிப்பிங்' நிறுவனம் தொடங்கி, கிடைத்த பழைய கப்பல்களை வாங்கினார்கள். ஜெர்மனியிடம் பாதுகாப்பு உறுதி எதுவும் கிடையாது. அந்நிறுவனத்தின் 'ஐரிஷ் பைன்' கப்பல் 33 பேருடன் மூழ்கிப் போயிற்று. 'ஐரிஷ் ஓக்' 1943 மே மாதம் மூழ்கியது.

பாதுகாப்பைப் பார்த்தால் ஸ்வீடன் வழிதான் மேல். ஆனால் அதை எல்லோராலும் எடுத்திருக்க முடியாது. ஸ்வீடனின் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி முற்றுகைக்கு வெளியே நின்றன. நேச நாடுகளுக்கு அவை தேவைப்பட்டன. ஜெர்மனிக்கோ ஸ்வீடன் இரும்புத் தாது தேவை. இரண்டு மேசையிலும் வைக்க ஸ்வீடனிடம் ஏதோ ஒன்று இருந்தது. அயர்லாந்து பெர்லின் மேசையில் எதை வைத்திருக்கும்?