பாப்பிரஸில் பூஞ்சை: கொல்வதா, காயவைப்பதா?

தெற்கே உள்ள மேல் எகிப்தின் பாலைமணலில் ஈராயிரம், மூவாயிரம் ஆண்டுகள் புதைந்து கிடந்த பாப்பிரஸ் தாள் சுருள்களை இன்றும் படிக்க முடிகிறது. அதே நாட்டின் நைல் கழிமுகத்தில், அலெக்சாந்திரியா போன்ற பெருநகரில் எழுதிக் குவித்தவற்றில் கருகிப்போன சில கட்டுகளைத் தவிர மிஞ்சியது மிகக் குறைவு. எல்லாம் ஈரம் செய்த வேலை. பூஞ்சைக்கு எந்த மருந்து நல்லது என்று ஒப்பிடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

பாப்பிரஸ் ஒரு கோரை இனம். தண்டின் உள்சோற்றைப் பட்டை பட்டையாகச் சீவி, ஒரு அடுக்கு நீளவாக்கிலும் ஒரு அடுக்கு குறுக்கிலுமாக அடுக்கி அழுத்தினால் தாள் கிடைத்துவிடும். அது பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள்தான். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கீட்டோமியம் வகைப் பூஞ்சைகளுக்கு அதைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. தின்பதோடு விடாமல் அமிலத்தைக் கக்கும், கறுப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கறையும் போடும். பழைய நாட்களில் கிழிசலை ஒட்டத் தடவிய மாவுப்பசை வேறு அவற்றுக்கு நல்ல விருந்து.

மருந்துக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விகள். முதலாவது, அது பூஞ்சைதானா? கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த பாப்பிரஸில், கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் படலம் படிவதுண்டு. பல நேரம் அது பாப்பிரஸிலிருந்து வெளியேறிய உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. நுண்ணோக்கியில் பார்த்தால் படிகமா, இழையா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, உயிரோடு இருக்கிறதா? எகிப்திய மன்னர் துட்டன்காமன் கல்லறைச் சுவர்களில் உள்ள பழுப்புப் புள்ளிகளை, பழம்பொருள் பாதுகாப்பில் ஈடுபடும் அமெரிக்காவின் ‘கெட்டி’ (Getty) நிறுவனம் ஆராய்ந்தது. 1920களில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது புள்ளிகள் வளரவே இல்லை. நுண்ணுயிர்கள் எப்போதோ செத்துப்போயிருந்தன. செத்ததற்கு விஷம் எதற்கு?

சரி, உயிரோடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எத்திலீன் ஆக்சைடு வாயு ஒரு காலத்தில் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் முதல் தேர்வு. பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய வித்துகளையும் சேர்த்தே கொல்லும், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் எளிதில் தீப்பற்றும், வெடிக்கும். 1994-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக முதல் பிரிவில் வைத்தது. வாயு பொருளுக்குள் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். நாளைக்கு அந்தச் சுருளைக் குனிந்து படிக்கப் போகிறவரின் மூக்கையும் நினைக்க வேண்டாமா? பாப்பிரஸுக்கு இதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

காமா கதிரோடுதான் உண்மையான வாதம். பண்டைய எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடல் 1976-இல் பாரிசுக்குப் பறந்தது. பூஞ்சை தாக்கியிருந்த அந்த உடலுக்கு 1977-இல் கதிரியக்கக் கோபால்ட்-60 கொண்டு சுமார் 18 கிலோகிரே (கிரே என்பது கதிரளவின் அலகு) கதிர் கொடுத்தார்கள். பூஞ்சை ஒழிந்தது, எச்சம் எதுவும் தங்கவில்லை. பெட்டியைத் திறக்காமலே செய்யலாம், ஆயிரம் பெட்டி இருந்தாலும் செய்யலாம். இது பெரிய வசதி. விலை என்னவென்றால், கதிர் பூஞ்சையை அறுக்கும்போது செல்லுலோஸ் சங்கிலியையும் அறுக்கிறது. புதுத் தாள் அதைத் தாங்கும். ஏற்கெனவே பொடிப்பொடியாக உதிரும் பழைய இழைக்கு அந்தக் கையிருப்பு இல்லை. சேதம் கூடிக்கொண்டே போகும் என்பதால், மறுபடி பூத்தால் மறுபடி கொடுப்போம் என்ற பேச்சும் நடக்காது. கதிர் எந்தக் காவலையும் விட்டுச் செல்வதில்லை, மறுநாளே புது வித்து வந்து உட்காரலாம். வெள்ளத்தில் நனைந்த பெரிய காப்பகத்துக்கு, வேறு வழியே இல்லாதபோது, ஒப்புக்கொள்வேன். பத்துச் சுருள்களுக்கு வேண்டாம்.

தைமால் ஆவி கேட்க இதமாக இருக்கும். நம் ஓமத்தின் மணமே தைமால்தான். மூடிய பெட்டியில் விளக்குச் சூட்டில் ஆவியாக்கிப் பல தலைமுறை பயன்படுத்தினார்கள். பாட்டி வைத்தியம் போலத் தோன்றுவதால் அபாயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்சம் பட்டால் தாளை மஞ்சளாக்கும், வார்னிஷை இளக்கும். அத்தனைக்கும் பிறகு பூஞ்சையைத் தற்காலிகமாக அடக்குவதோடு சரி.

உறையவைப்பதும் நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜனை நீக்குவதும் பூச்சிக்கு எமன், பூஞ்சைக்கு வெறும் தூக்கம். நனைந்த பாப்பிரஸ் கையில் வந்து, உடனே ஆளில்லை என்றால் நேரம் வாங்க உறைநிலை உதவும்.

மிஞ்சுவது விளம்பரமே இல்லாத வழி. தனிமைப்படுத்து, ஈரத்தை மெல்ல இறக்கு, காய்ந்தபின் துடை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பெரும்பாலான பூஞ்சைகள் வளர்வதில்லை. 50 சதவீதத்தை ஒட்டி வைத்தால் நிம்மதி. அதற்காக ஒரேயடியாக உலர்த்தினாலும் ஆபத்து, இழை முறியும். பூஞ்சை காய்ந்து தூளான பின்தான் தூரிகை. ஈரத்தோடு தொட்டால் கறை இழைக்குள் தேய்ந்து இறங்கும். மென்தூரிகையால் தட்டி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியைக் குறைந்த இழுப்பில், வலைத்துணி மேல் வைத்து எடுப்பார்கள். செய்பவருக்கு முகமூடியும் கையுறையும் கட்டாயம். அடங்காத இடத்தில் மட்டும் 70 சதவீத எத்தனால், அதுவும் மையைச் சோதித்துப் பார்த்த பிறகு. கரி மை அழியாதது என்றாலும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் நீரில் கரையும், இந்த எத்தனாலில் நூற்றுக்கு 30 பங்கு நீர் இருக்கிறதே.

வித்து எல்லாம் சாகவில்லையே என்று கேட்பார்கள். வித்து நாம் மூச்சு விடும் காற்றிலேயே இருக்கிறது. அதைச் சுருளில் மட்டும் ஒழித்து என்ன பயன்? முளைக்க ஈரம் கொடுக்காமல் இருந்தால் போதும். இந்த வழிக்கு ஒரே எதிரி நேரம். ஒவ்வொரு தாளாகக் கையில் எடுக்க வேண்டும், அறையின் ஈரத்தை ஆண்டு முழுக்கக் கவனிக்க வேண்டும். மின்சாரம் போகும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

கறை எந்த முறையிலும் போகாது. வெளுக்கும் மருந்து போட்டால் இழையும் சேர்ந்து நலியும். எழுத்துதான் வேண்டுமென்றால் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கலாம். கரி மை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும், கறை பெரும்பாலும் மங்கிவிடும், சுருளைத் தொடவே வேண்டியதில்லை. இரும்பு மையால் எழுதிய பிற்காலச் சுவடிகளுக்கு இது செல்லாது, அந்த மை அகச்சிவப்பில் மறைந்துபோகும். அவற்றுக்குப் புற ஊதா ஒளியைத்தான் முயல வேண்டும்.